தண்ணீரைக் கண்டால் சீறும் திராவகங்கள்

நேயர்களே, வீட்டில் எது சிந்தினாலும் நம் கை முதலில் தேடுவது தண்ணீரைத்தான். குழந்தை பாலைக் கவிழ்த்தாலும் சரி, கோழிக்கூட்டைக் கழுவினாலும் சரி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கால்வாயில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இந்தப் பழக்கம் நமக்கு நன்மையே செய்கிறது. ஆனால், நமது நெடுஞ்சாலைகளில் ஓடும் டாங்கி லோரிகளிலும், பாசிர் கூடாங், ஜூரோங் தீவு போன்ற இடங்களில் உள்ள ஆலைகளிலும் இருக்கும் சில திராவகங்களுக்கு இந்தப் பழக்கம் சிறிதும் பொருந்தாது. அவை சிந்திய இடத்தில் தண்ணீரை ஊற்றுவது, சிந்தியவற்றுக்குத் துணை போவதாகும்.

இது புதிய செய்தியன்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்த பெரியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். சூளையில் சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீர் தெளித்தால், அடுப்பே இல்லாமல் அது கொதித்துக் குமுறும். சிறுவர்களை அந்தப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் சேரும்போது வெளிப்படும் வெப்பமே அதற்குக் காரணம். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் போட நாம் கடையில் வாங்கும் காஸ்டிக் சோடாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதன் மீது வெந்நீரை ஊற்றியவர் முகத்தில் அது திரும்பத் தெறிப்பதும் இதனால்தான்.

செறிந்த கந்தகாமிலத்தை எடுத்துக்கொள்வோம். இது தண்ணீரைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு கனமானது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால், அந்தத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். இரண்டும் தொடும் இடத்தில் எழும் வெப்பத்தில் தண்ணீர் நொடியில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு நாலாபக்கமும் தெறிக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில், "அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் இதுதான். இன்னொரு விந்தையும் உண்டு. 98 விழுக்காடு செறிந்த கந்தகாமிலத்தை எஃகுத் தொட்டியில் வைக்கலாம்; எஃகை அது அவ்வளவாக அரிப்பதில்லை. தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் அரிக்கத் தொடங்கிவிடும்; அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகும். ஆகவே, கசியும் தொட்டியின் மேல் குழாயைத் திருப்பிக் கழுவுகிறவர், கசிவை அடைப்பதற்குப் பதிலாக அந்த ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்.

கந்தகாமிலத்தின் கோபம் பெரும்பாலும் வெப்பத்தோடு நிற்கும். குளோரைடு இனத்தைச் சேர்ந்த சில திரவங்கள் அதோடு நிற்பதில்லை. பாஸ்பரஸ் டிரைகுளோரைடு, சிலிக்கன் டெட்ராகுளோரைடு, தயோனைல் குளோரைடு என்று வாயில் நுழையாத பெயர்கள் அவற்றுக்கு. பூச்சிமருந்து, ஒளியிழை, சிலவகை மின்கலம் முதலியவற்றைச் செய்ய இவை வேண்டும். தண்ணீர் பட்டால் இவை உடைந்து, ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை வெள்ளைப் புகையாகக் கக்கும். வாளித் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா, நேயர்களே?

அமெரிக்காவில், போஸ்டன் நகரை அடுத்த சாமர்வில் என்னும் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலை, அங்குள்ள இரயில் நிலையத்தில் பெட்டிகளை மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பாஸ்பரஸ் டிரைகுளோரைடு நிறைந்த டாங்கிப் பெட்டி ஒன்று எஞ்சின் மோதி ஓட்டையாயிற்று. ஏறக்குறைய 13,000 கேலன் திரவம் தரையில் கொட்டியது. விரைந்து வந்த தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். புகை தணியவில்லை, மேகம் போல் திரண்டு, குடியிருப்புகளை நோக்கி நகர்ந்தது. சுமார் 23,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றார்கள்.

அந்த வீரர்களை அறியாதவர்கள் என்று நாம் தள்ளிவிடக் கூடாது. புகையைக் கண்டால் தண்ணீர் என்பது அவர்கள் பயின்ற தொழில். பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று தெரியாமல் செயல்பட வேண்டிய நிலையில் அந்தத் தொழிலறிவே எதிராகத் திரும்பிவிட்டது. பின்னர் மணலும், சோடா ஆஷ் எனப்படும் சலவைச் சோடா மாவும் வந்தன. அவ்வளவு மாவை அந்த அமிலத்தின் மேல் யார் போய்த் தூவுவது? பனி நாடாயிற்றே, விமான நிலையத்தில் ஓடுபாதையின் பனியை வாரி வீசும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து, தூரத்தில் நின்றபடி மாவை வீசியடித்தார்கள். உள்ளதைக் கொண்டு செய்த நல்ல வேலை என்றே நாம் சொல்லுவோம்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1974 ஏப்ரலில், சிக்காகோ நகரில் ஒரு பெரிய தொட்டியிலிருந்து சிலிக்கன் டெட்ராகுளோரைடு பல நாட்கள் கசிந்தது. எண்ணெயை ஊற்றி மூடிப் பார்த்தார்கள், சுண்ணாம்பையும் கொட்டினார்கள். இடையில் மழை பெய்து புகையை மேலும் பெருக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்த மழையைத்தான். மாலை வந்தால் இடியும் மழையும் என்று வாழ்கிறவர்கள் நாம். ஒரு டாங்கி லோரி பிற்பகல் மூன்று மணிக்குக் கவிழ்ந்தால், மீட்புப் படைக்குக் கிடைக்கும் நேரம் வானத்தைப் பொறுத்தது.

சரி, தண்ணீர் இல்லையென்றால் வேறு என்ன? உலர்ந்த மணல் அல்லது உலர்ந்த மண். சிந்தியது பரவாமல் சுற்றிலும் மணலால் அணை கட்டி, மேலேயும் மூடி, மழை படாதபடி பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துவார்கள். கால்வாய் வாய்களை அடைப்பார்கள். கால்வாயில் எப்போதும் தண்ணீர் இருக்கும், அது ஆற்றுக்குப் போகும். "உலர்ந்த" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறோம். ஆலையின் பின்புறம் திறந்தவெளியில் குவித்து வைத்த மணல், அடைமழைக் காலத்தில் ஈர மணல்தான். அதை அள்ளிப் போடுவது, வாளியால் ஊற்ற வேண்டிய தண்ணீரை மண்வெட்டியால் போடுவதற்குச் சமம். மூடியுள்ள பீப்பாயில் மணலை வைத்திருக்கிறார்களா என்று ஆலையில் வேலை செய்யும் நேயர்கள் நாளைக்கே பார்க்கலாம். மரத்தூளும் ஆகாது, செறிந்த கந்தகாமிலம் அதைக் கரியாக்கிவிடும், வேறு சில அமிலங்கள் தீயே பற்றவைக்கும்.

தீயணைப்புப் படையினர் சில வேளைகளில் தொலைவில் நின்று மெல்லிய தூவானமாகத் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம். அது நகர்ந்து செல்லும் புகையைக் கரைத்துக் கீழே இறக்குவதற்கு. சிந்திய குட்டையில் ஒரு துளியும் படாமல் செய்வார்கள். உரிய உடுப்பும் மூச்சுக் கருவியும் அணிந்து பயிற்சி பெற்றவர்களின் வேலை அது. மணல் போடும் வேலையும் அப்படித்தான். வழிப்போக்கரான நமக்குரிய வேலை ஒன்றே ஒன்று: காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேடான இடத்துக்கு விலகிப் போவது. வட அமெரிக்க மீட்புப் படையினரின் கையேடு, தண்ணீரோடு வினைபுரியும் அரிக்கும் திரவம் சிந்தினால், தொடக்கத்திலேயே எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் விலக்கி வைக்கச் சொல்கிறது. டாங்கி தீயில் சிக்கினால் 800 மீட்டர். புகை கிளம்பிவிட்டால் 50 மீட்டர் எந்த மூலைக்கும் போதாது.

இதுவரை தண்ணீர் வேண்டாம், வேண்டாம் என்று சொன்னோம். இனிச் சொல்லப் போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். திராவகம் மனித உடம்பில் பட்டுவிட்டால், அங்கே தண்ணீர்தான் மருந்து. தரையில் கிடப்பது குட்டை. அதற்குக் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கொதிக்கும். தோலில் பட்டது சில துளிகள். அதன் மேல் ஓடும் தண்ணீரை ஏராளமாக விட்டால், எழும் வெப்பத்தையும் அமிலத்தையும் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்துணியால் ஒற்றுவதும், கோப்பையில் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதும்தான் தீங்கு. குழாயைத் திறந்துவிடுங்கள்; குறைந்தது 15 முதல் 20 நிமிடம் வரை ஓடட்டும். கண்ணில் பட்டிருந்தால் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு அதே நேரம் கழுவ வேண்டும். சுட்ட சுண்ணாம்பு போன்ற உலர்ந்த தூளாக இருந்தால், முதலில் தட்டி உதறிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். அமிலத்துக்கு மாற்று என்று சோடா மாவைத் தோலில் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது புண்மேல் புண். சாமர்வில் தரைக்கு ஏற்றது நம் தோலுக்கு ஏற்காது.

உதவிக்கு அழைக்கும்போது, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. "ஒரு லோரி கவிழ்ந்துவிட்டது, புகை வருகிறது" என்பது மட்டும் போதாது. லோரியின் பின்புறமும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். அதில் உள்ள நான்கு இலக்க எண், உலகம் முழுவதும் அந்தப் பொருளுக்குரிய எண். 1830 என்றால் கந்தகாமிலம். 1809 என்றால் பாஸ்பரஸ் டிரைகுளோரைடு. பிரிட்டிஷ் முறைப் பலகையில் மேலே உள்ள குறியீடு 4 என்று தொடங்கினால், தண்ணீர் படக்கூடாது, உலர்ந்த பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று பொருள். ஐரோப்பிய முறைப் பலகையில் எண்ணுக்கு முன் எக்ஸ் எழுத்து இருக்கும். ஆலைச் சுவரில் உள்ள சாய்சதுரத்தில் டபிள்யூ எழுத்தின் குறுக்கே கோடு போட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம். காற்று வீசும் திசையையும், மழை பெய்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால், வரும் வண்டியில் எதை ஏற்றுவது என்று அவர்கள் நிலையத்திலேயே முடிவு செய்துகொள்வார்கள்.

அமிலம் பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன், அவருடைய சட்டை, காற்சட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தண்ணீர் ஓடும்போதே கழற்றிவிட வேண்டும். காலணியையும் மறந்துவிடக் கூடாது. தோல் காலணி அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் விடாது. அதைத் தனியே எடுத்து வைத்து, வந்த படையினரிடம் காட்டுங்கள்.