சொல்லாமல் நிறுத்திய குளிசை

மீளக்குடியேறிய வீடொன்றில் நாய் என்பது வெறும் செல்லப்பிராணி அல்ல. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் இடப்பெயர்வின்போது கணவரை இழந்தேன். முகாம் வாழ்க்கை முடிந்து 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு மகளோடு திரும்பியபோது காணியில் பற்றையும் இடிந்த கிணறும்தான் எஞ்சியிருந்தன. பின்னர் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் வேலி அரைகுறை. பின்கதவுக்குப் பூட்டு இல்லை. அடுத்த வீடு கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தது.

அந்த வீட்டுக்குச் செம்பன் 2012 இல் குட்டியாக வந்தான். மாடு படலைக்குள் நுழைந்தால் ஒரு குரைப்பு, மனிதர் வந்தால் வேறொரு குரைப்பு. அவன் விறாந்தையில் படுத்திருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நானும் மகளும் இரவில் கண்மூடினோம். அந்தச் செம்பனுக்கு நோய் வந்த கதையும், அதற்காக நான் மிருக வைத்தியரோடு பட்ட பிணக்கும்தான் இந்தக் கட்டுரை.

முதல் வலிப்பு

2016 ஆம் ஆண்டு ஒருநாள் விடியப்புறம் விறாந்தையில் ஏதோ அடிபடும் சத்தம் கேட்டு எழும்பினேன். செம்பன் சரிந்து கிடந்து நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை. சிறுநீரும் போய்விட்டது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து, கண் தெரியாதவன் போலச் சுவரில் முட்டி முட்டி நடந்தான். அரை மணித்தியாலத்தில் பழைய செம்பனாகி வாலை ஆட்டினான்.

அயலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கையில் இரும்பைக் கொடுக்கும் வழக்கத்தை நினைத்து, காலில் இரும்பு கட்டச் சொன்னார் ஒரு பாட்டி. "உது விசர். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. அடிச்சுத் தாட்டுப்போட்டு நிம்மதியா இரு" என்றார் இன்னொருவர். இரண்டாவது வலிப்பு மூன்று கிழமையில் வந்தபோது எனக்கும் அந்தப் பயம் தொட்டது. ஆடுகளுக்கு மருந்து எடுக்கப் போகும் கால்நடை வைத்தியரிடமே செம்பனையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வைத்தியர் இளம்பிள்ளை. முதலில் தடுப்பூசி அட்டையைத்தான் கேட்டார். வருடா வருடம் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக ஊசி போட வரும்போது நான் தவறவிட்டதில்லை. அட்டை என் கையில் இருந்தது. தோட்டத்துக்கு அடித்த நாசினியை நாய் நக்கியதா, தலையில் அடிபட்டதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, "இது விசர் இல்லை அம்மா. விசர் பிடிச்ச நாய் நாளுக்கு நாள் மோசமாகி, அறிகுறி தொடங்கிப் பத்து நாள் மட்டில செத்துப்போகும். உங்கட நாய் மூண்டு கிழமை நல்லா இருந்திருக்கு. மனுசருக்கு வாற மாதிரி வலிப்பு வியாதி. மாறாது. ஆனால் அடக்கி வைக்கலாம்" என்றார்.

நாய்களில் இந்த நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் ஆரம்பிக்குமாம். செம்பனுக்கு அப்போது நாலு வயது. வைத்தியர் எழுதித் தந்தது பினோபார்பிற்றோன் என்ற குளிசை. மனிதருக்கும் கொடுப்பதுதான். 30 மில்லிகிராம் குளிசையில் காலையில் இரண்டரை, மாலையில் இரண்டரை. அன்று வைத்தியர் அலுவலகத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அங்கிருந்த தராசும் பழுது. செம்பனை ஒரு பார்வை பார்த்து 25 கிலோ என்று துண்டில் எழுதினார். "நிப்பாட்டக் கூடாது" என்று ஒரு வசனம். நான் தலையாட்டினேன்.

காவல்காரன் உறங்கினான்

குளிசை தொடங்கிய மூன்றாம் நாள் செம்பன் தள்ளாடினான். பின்னங்கால் பின்னியது. தண்ணீர்ச் சட்டியை ஒரே மூச்சில் காலியாக்கினான். எவ்வளவு சோறு வைத்தாலும் இன்னும் கேட்டான். இதையெல்லாம் பொறுத்திருப்பேன். இரவில் அவன் பிணம்போல உறங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் இரவு கோழிக்கூட்டைத் திறந்து யாரோ இரண்டு கோழிகளைக் கொண்டுபோனார்கள். கூட்டுக்கும் விறாந்தைக்கும் பத்தடிதான் தூரம். செம்பன் தலையைக்கூடத் தூக்கவில்லை. கோழி எடுக்க வந்தவன் பின்கதவைத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, பதினான்கு வயது மகளை அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தநாள் நானே ஒரு தீர்மானம் எடுத்தேன். காலைக் குளிசை கொடுப்பது, மாலைக் குளிசையை நிறுத்துவது. வைத்தியரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொன்னால் ஏசுவார். அத்தோடு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வதற்கு 'ஓம்' என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நமக்கு இயன்றதைச் செய்வது அந்த வருடங்களில் எனக்குப் பழகிப்போயிருந்தது. பதிவு, விசாரணை, நிவாரணம் என்று எத்தனை மேசைகள்! எதிர்த்துக் கேட்டால் படிவம் அடியில் போய்விடும் என்ற பயம்.

ஒரு கிழமை நன்றாகத்தான் இருந்தது. செம்பன் இரவில் குரைத்தான். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு வலிப்பு, ஒரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு இன்னொன்று. கடைசி வலிப்பு நிற்க ஐந்து நிமிடத்துக்கு மேல் சென்றது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. மகள் கதறினாள்.

வைத்தியரோடு பிணக்கு

விடிந்ததும் கொண்டு ஓடினேன். ஊசி போட்டு ஆற்றிய பிறகு வைத்தியர் கேட்டார்: "ரெண்டு நேரமும் குளிசை குடுத்தனீங்களோ?"

"ஓம் டொக்டர்."

அவர் மீதிக் குளிசைகளை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. "ஒழுங்கா மருந்து குடுக்க ஏலாதெண்டால், ஒரு ஊசியைப் போட்டு நிம்மதியா விடுறதுதான் இந்த நாய்க்கு நல்லது. இப்பிடி வதைக்கக் கூடாது."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து வந்திருக்கிறேன். அன்று முடியவில்லை. குரல் நடுங்கச் சொன்னேன்: "டொக்டர், உங்களுக்கு இது ஒரு நாய். எங்கட வீட்டில ஆம்பிளை இல்லை. கதவுக்குப் பூட்டு இல்லை. இவன் நித்திரையானால் நானும் பிள்ளையும் நித்திரை கொள்ள ஏலாது. கள்ளன் வந்து கோழியைத் தூக்கினவன். அதுதான் ராக்குளிசையை நிப்பாட்டினனான். பொய் சொன்னது பிழைதான். ஆனால் நீங்கள் தந்த அளவும் இவனுக்குக் கூட."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைத்தியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கதிரையைக் காட்டி, "இருங்கோ அம்மா. இதை நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்க வேணும்" என்றார்.

அன்றுதான் அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். இந்தக் குளிசை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு கிழமைக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். உடம்பு பழகப் பழகப் பெரும்பாலான நாய்களுக்கு அது குறைந்துவிடும். தாகமும் பசியும் தொடரலாம். மருந்து இரத்தத்தில் ஒரே மட்டத்தில் நின்றால்தான் மூளை அமைதியாக இருக்கும். அதற்காகத்தான் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அளவைத் திடீரெனக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, அடங்கியிருந்த வலிப்பு முன்னரிலும் மோசமாகத் திரும்பும். நான் கண்டது அதைத்தான். இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் செம்பன் தானாகவே தெளிந்திருப்பான்.

நான் சொன்னதிலும் உண்மை இருந்தது. "முதலில நாயை நிறுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். நெல் வாங்கும் களஞ்சியத்துத் தராசில் செம்பனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 69 கிலோ. அவனை இறக்கிவிட்டு ஏறினேன். 52 கிலோ. மகள் கழித்துச் சொன்னாள், செம்பன் 17 கிலோ. 25 அல்ல. வைத்தியர் தன் கணக்கைத் திருத்தினார். காலை ஆறு மணிக்கு ஒன்றரை, மாலை ஆறு மணிக்கு ஒன்றரை. இது செம்பனின் நிறைக்கும் நிலைமைக்கும் போட்ட அளவு. வேறெந்த நாய்க்கும் இதைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாம் கிழமை தூக்கம் தெளிந்து, படலையடியில் செம்பனின் குரல் திரும்பவும் கேட்டது. அதுவரைக்கும் என் சிறிய தாயார் எங்களோடு வந்து படுத்தார்.

இரண்டாவது பிணக்கு

ஆறு மாதத்துக்கொருமுறை ஈரலைப் பார்க்க இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார் வைத்தியர். யாழ்ப்பாணம் போய்வரும் செலவு தையலில் எனக்கு வரும் ஒரு கிழமை வருமானம். இந்தமுறை நான் தலையாட்டவில்லை. "வருசத்துக்கு ஒருக்கால்தான் ஏலும் டொக்டர். இடையில நான் எதைப் பார்க்க வேணும்?" என்று கேட்டேன். அவருக்கு அது முழுத்திருப்தி இல்லை. ஆனாலும் சொல்லித் தந்தார். சாப்பாட்டை வெறுத்தல், தொடர்ந்த வாந்தி, வயிறு ஊதுதல், கண்ணும் முரசும் மஞ்சளாதல். இவற்றில் ஒன்று கண்டாலும் தவணை பாராமல் வரச் சொன்னார்.

மகளின் பழைய கொப்பியொன்றில் திகதி, நேரம், எத்தனை நிமிடம், குளிசை தவறியதா என்று எழுதத் தொடங்கினோம். அடுத்தமுறை போனபோது வைத்தியர் என் முகத்தைப் பார்க்குமுன் கொப்பியைத்தான் வாங்கினார். குளிசை வலிப்பை முற்றாக நிறுத்தவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒன்றாக வந்தது வருடத்துக்கு மூன்று நாலாகக் குறைந்தது.

கடைசிக் குளிசைவரை காத்திருக்காமல், பதினைந்து நாளுக்கு மீதி இருக்கும்போதே துண்டோடு மருந்துக்கடைக்குப் போகும்படியும் அவர் சொல்லியிருந்தார். 2022 இல் நாட்டில் மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்டபோது அதன் அருமை தெரிந்தது. கடைகளில் குளிசை இல்லை. என் கையில் பதினைந்து நாளுக்கு இருந்தது. முன்னைய நானென்றால் நானே பாதியாக்கியிருப்பேன். அன்று சைக்கிளில் வைத்தியரிடம் போனேன். அவர் நாலைந்து இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பத்தாம் நாள் வவுனியாவிலிருந்து பஸ்சில் குளிசை வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தால்

பதறாமல் மணிக்கூட்டைப் பாருங்கள். வலிப்பின்போது ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தெரியும். கிணறு, அடுப்பு, படிக்கட்டு அருகில் கிடந்தால் மெதுவாக அப்பால் இழுத்துவிடுங்கள். வாய்க்குள் கையோ கரண்டியோ வைக்க வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது, ஆனால் தன்னையறியாமல் கடித்துவிடும். தண்ணீர் பருக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு நாளில் இரண்டு மூன்று வந்தாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

தடுப்பூசி போடாத நாயோ, ஊர் தெரியாத நாயோ விசித்திரமாக நடந்தால் கிட்டப் போகாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

செம்பன் 2023 மார்கழியில் பதினொரு வயதில், முதுமையால் போய்ச்சேர்ந்தான். வேம்படியில் தாட்டோம். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சென்ற வருடம் எனக்கு இரத்த அழுத்தம் என்று ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள். அதைக் குடித்தால் எழும்பும்போது தலை சுற்றியது. என்னோடு கிளினிக்குக்கு வரும் ஒரு சகோதரி, "எனக்கும் அப்பிடித்தான். நான் சொல்லாமல் நிப்பாட்டிப்போட்டன்" என்றார். எனக்குச் செம்பனின் அந்த மூன்று மணி வலிப்பு கண்ணுக்குள் வந்தது. அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்துபோய், எந்த நேரத்தில் எப்படிச் சுற்றுகிறது என்று எழுதிய தாளை வைத்தியர் முன் வைத்தோம். அவர் வாசித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் குளிசையை மாற்றித் தந்தார்.