மார்கழி வெந்நீரும் நம் ஊர்க் கிணறும்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் போதும். புதுச்சேரியில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இமயமலை இருப்பதாகப் பாவித்துக் கொள்கிறது. இரவில் உஷ்ணம் 20 டிகிரிக்கு அருகில் இறங்கினாலே கழுத்தில் மப்ளரும் தலையில் குல்லாயும் ஏறிவிடுகின்றன. குளிர்தேசத்திலிருந்து வந்து கடற்கரைச் சாலையில் அரைக்கை சட்டையுடன் உலாவும் வெள்ளைக்காரர் நம்மைப் பார்த்து வியக்கிறார். நாம் அவரைப் பார்த்து வியக்கிறோம். இந்தப் பரஸ்பர வியப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் ஸ்நான அறையில்தான் நடக்கிறது.

சிக்கனத்தைப் பற்றிச் சித்திரை வைகாசியில் பேசினால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். மழை ஓய்ந்து கிணறு மேலேறி நிற்கும் மார்கழியில் பேசினால், "தண்ணீருக்கு இப்பொழுது என்ன பஞ்சம்?" என்பார்கள். நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது நம் வீட்டுக் கிணறு.

நம் தகப்பனார் காலத்தில் அந்தக் கிணற்று நீரில்தான் சமையல் நடந்தது. பிறகு ஒரு நாள் அம்மாள், "பருப்பு வேக மாட்டேன் என்கிறது" என்றார்கள். பருப்பைக் குறை சொன்னோம். மளிகைக் கடைக்காரரைக் குறை சொன்னோம். அடுத்த ஆண்டு சோப்பு நுரைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு நாக்கிலேயே உப்புத் தெரிந்தது. கடலிலிருந்து நம் வீடு எட்டும் தூரந்தான். நாம் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கடல் பூமிக்கடியில் நம்மைப் பார்க்க வந்துகொண்டிருந்தது!

இதன் சூட்சுமத்தை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே இங்கும் சொல்லி விடுகிறோம். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே கரையோரத்து மண்ணுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயரம் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓரடியை நாம் இறைத்து இழந்தால், காலக்கிரமத்தில் கீழே அந்த 40 அடிக்கும் உப்பு ஏறி வரும். ஒன்றுக்கு நாற்பது என்ற இந்தக் கொடிய வட்டியை எந்த மார்வாடிக் கடையிலும் கேள்விப்பட்டதில்லை. நம் பட்டணமோ குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நிலத்தடி நீரையே நம்பியிருப்பது. காவிரி போன்ற பேராறு ஒன்றும் இங்கே ஓடவில்லை.

ஆயி வெட்டிய குளம்

இந்த ஊருக்குத் தண்ணீரின் அருமை தெரியாது என்று சொல்ல முடியாது. பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாதவர் யார்? புதுச்சேரி அரசாங்கத்தின் முத்திரையிலேயே அது இடம் பெற்றிருக்கிறது. அதன் கதை கர்ணபரம்பரையாக வருவது. விஜயநகர மன்னர் ஒருவர் உழவர்கரைப் பக்கம் வந்தபோது, தீபங்கள் சுடர்விட்ட ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபங்கொண்டு அதை இடிக்க உத்தரவிட்டாராம். அந்தப் பெண்மணியோ, தானே இடித்துக்கொள்ள அனுமதி வேண்டி, வீடிருந்த இடத்தில் ஜனங்களுக்காக ஒரு குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்து நீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், அதாவது 1852-க்கும் 1870-க்கும் இடையில், அதன் நினைவாக இம்மண்டபம் எழுந்தது.

கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்பதைப் பண்டிதர்கள் ஆராயட்டும். நமக்கு முக்கியமானது ஒன்றே. அரசனுக்குச் சிலை வைக்காமல், ஊருக்குத் தண்ணீர் தந்த ஒரு பெண்ணின் பெயரை ஊர் நடுவே நிறுத்திய பட்டணம் இது. அப்படிப்பட்ட ஊரில் மொட்டைமாடித் தொட்டி வழிந்து தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போவது அழகாகுமா?

வெந்நீர்க் கணக்கு

இனி ஸ்நான அறைக்குள் நுழைவோம். கணக்கு வாத்தியாரின் தொல்லை என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு மிகவும் எளிது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. மார்கழி விடியலில் குழாய்த் தண்ணீர் சுமார் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. ஆகவே 18 லிட்டர் கொண்ட ஒரு வாளி வெந்நீருக்கு 270 கிலோ கலோரி, அதாவது மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே செலவாகும். பூந்தூறலாய்க் கொட்டும் ஷவரின் கீழ்ப் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலோ, சாதாரணமாக 90 லிட்டருக்குக் குறையாது, ஐந்து வாளி! தண்ணீரும் ஐந்து மடங்கு, மின்சாரமும் ஐந்து மடங்கு.

அடுத்தது கீசர் என்னும் கொதிகலம். 25 லிட்டர் கலத்தை 60 டிகிரிக்குக் காய்ச்ச ஒரு யூனிட் ஆகும். அந்த நீரைப் பச்சைத் தண்ணீருடன் விளாவினால் இதமான சூட்டில் மூன்று வாளிக்கு மேல் கிடைக்கும். மூன்று பேர் குளிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தாத்தா ஐந்து மணிக்கு, பிள்ளை ஏழு மணிக்கு, கல்லூரிக் குமாரி ஒன்பது மணிக்கு. ஒவ்வொருவருக்காகவும் கலம் காய்ந்து, ஆறி, மறுபடி காய்கிறது. சிலர் விசையை அணைப்பதே இல்லை. நம் வீட்டிலும் சென்ற ஆண்டு ஒரு வாரம் அது இரவு பகலாக எரிந்து கிடந்தது. குற்றவாளி இக்கட்டுரையை எழுதுகிறவரே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பழைய தமிழ் வீடுகளில் இந்த வம்பு இல்லை. முற்றத்துக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு. அதன்மேல் ஒரு பெரிய செப்புத் தவலை. தென்னை மட்டையும் பன்னாடையும் சவுக்கு மிலாறும் எரிபொருள். தவலை காய்ந்ததும் அம்மாளின் குரல் வரும். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் குளித்து முடித்துவிட வேண்டும். பிந்தினவருக்குப் பச்சைத் தண்ணீரே கதி. அந்தப் புகை கண்ணுக்கும் மார்புக்கும் கெடுதல். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கு திரும்பினால் போதும்.

வாளியில் போட்டுக் காய்ச்சும் மின்சாரக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுவதால் அது சிக்கனமானதுதான். ஆனால் விசையை அணைத்து, இணைப்பைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரலை வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது இல்லாமலிருப்பதே நலம். மொட்டைமாடியில் வெயில் விழும் வீட்டாருக்குச் சூரியனால் சுடும் கலம் நல்ல துணை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது கொஞ்சம் சோம்பும். வானம் வெளுத்த மார்கழி, தை மாதங்களில் ஊக்கமாக உழைக்கும்.

நெய்வேலியில் இறைக்கும் நீர்

"மின்சாரம் வீணானால் பணம் போகும், தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நமக்கு மின்சாரம் வரும் இடங்களில் ஒன்று நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அந்தக் கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இல்லையேல் நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். இதே கடலோரத்துப் பூமியில், நம் புதுச்சேரியில், ஒரு காலத்தில் துளையிட்ட இடத்தில் இறைக்காமலே நீர் மேலெழுந்து பாய்ந்ததுண்டு. ஆகவே நேயர்களே, நாம் மறந்து அணைக்காத கொதிகலம் நம் குழாய் நீரை மட்டும் காய்ச்சவில்லை. எங்கோ பூமியின் மடியிலிருந்தும் ஓர் அளவு நீரைக் கறக்கிறது.

வீட்டுக்கு வீடு செய்யக்கூடியவை

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பச்சைத் தண்ணீர். கலத்துக்கும் குழாய் வாய்க்கும் 10 மீட்டர் தூரமிருந்தால் அது ஒன்றே முக்கால் லிட்டர். சூடு வரும்வரை அதைச் சாக்கடையில் விடுகிறோம். நம் வீட்டில் இப்பொழுது அதைப் பிடிக்க ஒரு சிறு குடம் வைத்திருக்கிறோம். மறுநாள் விடியலில் அம்மாள் வாசல் தெளிக்க அந்தக் குடந்தான். மார்கழிக் கோலத்துக்கு அதற்கு மேல் தண்ணீர் வேண்டியதில்லை.

மழை பெய்யும் இரவில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறக்கலாகாது. தொட்டி வழியும் சப்தம் மழைச் சப்தத்தில் கலந்துவிடும். வெயில் காலத்தில் உடனே தெரியும் தவறு இப்பொழுது மணிக்கணக்கில் தெரியாது. நொடிக்கொரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் கொட்டும். ஒரு ரப்பர் வளையம் அதைத் தீர்த்துவிடும். மப்பு மந்தாரமான நாளில் வீடு நிறையத் துணி துவைத்தால் அது காயாமல் நாற்றமெடுத்து, மறுபடி துவைக்க நேரும். வெயில் முகம் பார்த்துத் துவைப்பதே லாபம். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடும் நீரைப் பாத்திரம் தேய்க்கவும் கழிவறைக்கும் பிடித்து வைக்கலாம். குளிர்பெட்டியின் விசையை ஒரு படி குறைக்கலாம். போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு தலைக்கு மேலே விசிறியையும் சுழலவிடும் விசித்திர வழக்கத்தை விட்டுவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிது கூரை மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2024-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரையேறியபோது, நம் ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. அன்று அத்தகைய ஒவ்வொரு கூரையின் மீதும் 36 ஆயிரம் லிட்டருக்குக் குறையாமல் விழுந்தது. வீதிகள் ஆறுகளாயின; ஜனங்கள் படகில் ஏறினார்கள். அவ்வளவும் கடலுக்குப் போயிற்று. அடுத்த சித்திரையில் நாம் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்தோம். கூரைக் குழாயை ஒரு மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பியிருந்தால், அந்த ஒன்றுக்கு நாற்பது கணக்கு நமக்குச் சாதகமாக வேலை செய்திருக்கும்.

சென்ற மழைக்கு முன்பு நம் வீட்டில் அதைச் செய்தோம். இந்த மார்கழியில் அம்மாள் கிணற்று நீரை ஒரு செம்பில் எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்புத்தான்," என்றார்கள். சற்று நேரம் கழித்து, "ஆனாலும் போன வருஷத்து உப்பு இல்லை," என்றார்கள்.

அந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும் நாள் நம் காலத்தில் வருமோ, நம் குழந்தைகள் காலத்தில் வருமோ, சொல்வதற்கில்லை. ஆயி தன் மாளிகையையே இடித்து ஊருக்குக் குளம் வெட்டினாள் என்கிறது கதை. நம்மை யாரும் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. ஒரு விசையை அணைக்கவும், ஒரு குடத்தை நிறுத்தவும், ஒரு குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பவுந்தான் சொல்கிறோம்.