மண்ணும் ஓர் அமானிதமே!

பூமி நமக்கு உரிமைப் பொருளன்று. வல்ல இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். சீர்படுத்தப்பட்ட பூமியில் சீர்கேடு விளைவிக்கலாகாது எனத் திருமறையின் ஏழாம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் நட்டவருக்கு அது தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

இந்த அளவுகோலுடன் நெய்வேலியை நோக்குங்கள். 1957-இல் தோண்டத் தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டு, 1962 முதல் மின்சாரம் தரும் பூமி அது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எரியும் விளக்குகளுக்கு அதுவும் பங்களிக்கின்றது. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் அச்சுரங்க நீரும் சென்னையின் தாகம் தணிக்க உதவிற்று.

ஆனால், நிலக்கரியை எடுக்க அதைப் போலப் பன்மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். கரிப்படுகையின் கீழிருந்து நிலத்தடி நீர் மேலழுத்துவதால், இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழத்திலிருந்து வரும் மண்ணில் மக்கும் உரச்சத்து மிகக் குறைவு. எனவே, அதைக் கரி எடுத்த பள்ளத்திலேயே நிரப்பிச் சமன்செய்து, வளமான மேல்மண்ணைப் பரப்பி, தழையுரமும் தொழுவுரமும் இட்டுப் பொறுமையுடன் பண்படுத்த வேண்டியிருக்கின்றது. அவ்வாறு திருத்திய நிலத்தில் அங்கே மரங்கள் வளர்ந்துள்ளன, நெல்லும் விளைவிக்கப்பட்டுள்ளது.

கடன் தீர்க்கப்படாத மையித்திற்குத் தொழுவிக்கத் தயங்கிய பெருமானாரின் உம்மத்தினர் நாம். சுரங்கமும் மண்ணுக்குக் கடன்பட்டதே. சுரங்கத்தை மூடிச் சீரமைக்கும் செலவை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க 2009-இல் மத்திய நிலக்கரி அமைச்சகம் வழிவகுத்தது மெச்சத் தக்கது.

எனினும், மண்ணின் கடனோடு மனிதரின் கடனும் உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக விளைந்துவந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடை வரையிலேனும் பொறுக்கலாகாதா என்று கலங்கினர் உழவர். சட்டப்படி உரிமை மாறியிருக்கலாம். ஆயினும் பச்சைப் பயிர் அழிவதைக் கண்டு உள்ளம் பதறாதிருக்குமா?

ஆகவே, சகோதர சகோதரிகளே! ஒளு செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஆளில்லா அறையில் எரியும் விளக்கும் சுழலும் விசிறியும் எங்கோ ஓர் உழவரின் வயலைத் தொடுகின்றன. அவற்றை நிறுத்துவோம், இயன்ற இடத்தில் ஒரு மரம் நடுவோம். அமானிதத்தைப் பற்றிய கேள்வி நாளை நம் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும்.