வெட்டுத்துணியை வீசாதீங்க!

காரமடை பக்கம் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பல வீட்டில் ஒரு துணி மூட்டை இருக்கும். பேத்தி கவுனில் மிஞ்சிய யானைப் படம், தீபாவளிச் சட்டையின் கட்டம், ரவிக்கைத் துண்டு... "எதுக்காச்சும் ஆகும் கண்ணு" என்று அம்மிச்சி முடிந்து வைத்தது. கடைசியில் எதற்கும் ஆகாமல் பாச்சை அரிக்கிறது!

இதிலே ஜோரான போர்வை தைக்கலாம். வழி காட்டுகிறவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி இனப் பெண்கள். பல நூற்றாண்டுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். போர்வையின் பெயர் 'கவந்தி'.

மெஷின் வேண்டாம், ஊசி நூல் போதும். அடியில் பழைய சேலை. அதன் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து ஓட்டத் தையல் போட்டு, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நாலு மூலைக்கும் மடித்த சிறு துணி உண்டு. அது 'பூலா', அதாவது பூ. பூ வைக்காத போர்வை அம்மணமாம்!

ஒரு எச்சரிக்கை: புதுத் துணியை முதலில் அலசிக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சாயம் ஓடும், சுருங்கும். பருத்தியோடு பருத்தியையே சேருங்கள்.

மார்கழிக் குளிரில் பேத்தி போர்த்திக்கொண்டு, "அம்மிச்சி, இது என்ர கவுனு!" என்று விரல் வைத்துக் காட்டுவாள். பெட்டியிலேயே கிடந்தால் அது கந்தல்தான். மூட்டையை அவிழ்ப்போமா?