அறுபடாத பேச்சும் அட்டைக்குள் உறையும் அடையாளமும்

ஓடும் ரயிலில் அமர்ந்து ஊரிலுள்ள தாயாருடன் கைப்பேசியில் உரையாடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் வண்டி பல ஊர்களைக் கடந்துவிடுகிறது, பேச்சோ அறுபடவில்லை. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்று எப்போதேனும் சிந்தித்ததுண்டா?

கைப்பேசிச் சேவை பெறும் நிலப்பரப்பு சிறு சிறு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. 'செல்' எனப்படும் இவ்வட்டாரங்களால்தான் 'செல்போன்' என்னும் பெயர் வந்தது. இந்த யோசனை 1947ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே, உங்கள் கருவி அண்டைக் கோபுரங்களின் அலை வலிமையை அளந்து அறிவித்த வண்ணம் இருக்கிறது. ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை முறையில் நொடிக்கு ஏறத்தாழ இருமுறை இவ்வறிக்கை செல்கிறது. ஒரு கோபுரத்தின் அலை நலிந்து மற்றொன்றின் அலை ஓங்கும்போது, புதிய கோபுரத்தில் உங்களுக்கு முதலில் இடம் ஒதுக்கப்படுகிறது. அதன் பின்னரே இணைப்பு கைமாறுகிறது. நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும் இம்மாற்றத்தைச் செவி உணர்வதில்லை.

கோபுரங்கள் மாறினாலும் ஆள் மாறவில்லை என்பதை நிறுவனம் எங்ஙனம் அறிகிறது? உங்கள் தொலைபேசி எண்ணைக் கொண்டு அன்று! சிம் அட்டைக்குள் வேறோர் அடையாள எண் உண்டு. பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்; இந்தியாவிற்கு 404, 405 ஆகியன. அதனுடன் ஓர் இரகசியத் திறவுகோலும் அட்டையில் பதிந்துள்ளது. நிறுவனம் ஓர் எண்ணை அனுப்பிச் சோதிக்கும். அட்டை அத்திறவுகோலால் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். திறவுகோல் ஒருபோதும் காற்றில் பயணிப்பதில்லை. ஒட்டுக்கேட்போர் உங்களைப் பின்தொடராதிருக்க, தற்காலிக அடையாளம் ஒன்றும் வழங்கப்படுகிறது.

எனினும் இரண்டாம் தலைமுறையில் ஒரு குறை இருந்தது. கோபுரம் உங்களைச் சோதித்தது. கோபுரம் மெய்யானதா என்று சோதிக்க உங்கள் கருவிக்கு வழியில்லை. மூன்றாம் தலைமுறையில் இருபுறச் சோதனை வந்தது. ஐந்தாம் தலைமுறையிலோ நிலையான அடையாள எண்ணையே மறைத்து அனுப்பும் ஏற்பாடு உள்ளது.

பூட்டு இத்துணை உறுதியானதால், திருடன் பூட்டை உடைப்பதில்லை. "சிம் தொலைந்துவிட்டது" என்று போலி ஆவணங்களுடன் கடைக்குச் சென்று, உங்கள் எண்ணுக்குப் புதிய அட்டை பெற முயல்கிறான். அது கைகூடினால் உங்கள் அட்டை செயலிழக்கும்; வங்கியின் ஓ.டி.பி. எண்கள் அவனைச் சென்றடையும். இந்தியாவில் இவ்வாறு அட்டை மாற்றப்பட்ட எண்ணை ஏழு நாட்களுக்குள் வேறு நிறுவனத்திற்கு மாற்ற இயலாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது, இம்மோசடியைத் தடுக்கவே.

ஆகவே வாசகர்களே, அருகிலுள்ளோர்க்குச் சிக்னல் இருக்க, உங்கள் கருவியில் மட்டும் அது திடீரென மறைந்து திரும்பாவிடின் வாளாவிராதீர்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்திற்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். இல்லத்தாரின் சிம் அட்டைகள் எவர் பெயரில் உள்ளன என்பதையும் இன்றே பாருங்கள்; பிறர் பெயரிலுள்ள அட்டை தொலைந்தால், அது உங்களுடையதென்று நிறுவ உங்களிடம் சான்றிராது.