பாத்ரூம் சுவிட்ச் மாற்றப் போகிறீர்களா? முதலில் மெயினை நிறுத்துங்கள்!

சுவிட்சைத் தட்டினால் “சர்ர்” என்று ஒரு சத்தம். உள்ளே நீல நிறத்தில் ஒரு பொறி. பிளாஸ்டிக் கருகிய வாடை. பாத்ரூம் எக்ஸாஸ்ட் பேன் ஒரு நாள் சுற்றுகிறது, மறுநாள் சுற்றுவதில்லை.

மும்பையில் மழைக்காலம் வந்துவிட்டால் தாராவி, சயான், செம்பூர், டோம்பிவிலி என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் பல வீடுகளில் இந்தத் தொல்லை உண்டு. ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையல் கட்டு, அதன் பக்கத்தில் குளியல் அறை. ஜன்னல் இல்லாத அந்தக் குளியல் அறையின் ஈரத்தை வெளியேற்றுவது அந்தச் சின்னப் பேன்தான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. வீட்டுக்காரர் கடையில் ஒரு சுவிட்ச் வாங்கி வருகிறார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார். “பார்த்துங்க!” என்கிறார் மனைவி. “சுவிட்சை அணைச்சுட்டேன். ஒண்ணும் ஆகாது” என்கிறார் அவர்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

அணைத்தாலும் மின்சாரம் உண்டு

சுவிட்சுக்கு இரண்டு முனைகள். ஒன்றில் மின்சாரம் வந்து நிற்கும். மற்றொன்றில் இருந்து பேனுக்குப் போகும். சுவிட்சை அணைத்தால் பேனுக்குப் போவது மட்டுமே நிற்கிறது. வந்து நிற்கும் முனையில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஈரக் கையோடு அதைத் தொட்டால் உயிரே போகலாம்.

ரெயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த பாடம். மேல்நிலைக் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. அதில் வேலை செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, அனுமதி வாங்கி, கம்பியை பூமியோடு இணைத்த பிறகுதான் கை வைப்பார்கள். நிறுத்தியாகிவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வீட்டிலும் அதே விதிதான்.

சட்டம் தடுக்கிறதா?

வீட்டு வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45வது விதி ஒரு விலக்கு அளித்தது. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை, இருந்த தன்மை மாறாமல் மாற்றிக்கொள்ளலாம். 2010ல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் இந்த விலக்கு தொடர்ந்தது.

பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் அதே மாதிரி புதியது பொருத்துவது இந்த வகை. புது வயர் இழுப்பதும், சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றுவதும் எலக்ட்ரீஷியன் வேலை.

நிறுத்துங்கள், சோதியுங்கள்

எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று யோசித்து நிற்க வேண்டாம். வீட்டின் மெயினையே நிறுத்துங்கள். பழைய பியூஸ் கட்டை உள்ள வீடானால் மெயினை நிறுத்திய பின் கட்டையைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர்கள் எல்லாம் மாடிப்படி அடியில் இருக்கும் கட்டிடத்தில், வேறு யாராவது “கரண்ட் போச்சு” என்று தட்டிவிடக்கூடும். அங்கே வீட்டு ஆள் ஒருவரை நிறுத்துங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை நிறுத்தியதும் அது தானாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். பலர் மறப்பது இதைத்தான்.

அடுத்தது டெஸ்டர். மெயினை நிறுத்தும் முன்பே, நன்றாக வேலை செய்யும் பிளக் ஒன்றில் வைத்துப் பாருங்கள். அங்கே எரியாத டெஸ்டரை நம்பக்கூடாது. பகல் வெளிச்சத்தில் அது மங்கலாகத் தெரியும். கையால் மறைத்துப் பாருங்கள்.

மெயினை நிறுத்தி, போர்டின் மூடியைக் கழற்றிய பிறகு, சுவிட்சின் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வையுங்கள். அதே போர்டில் உள்ள மற்ற சுவிட்சுகளிலும் வையுங்கள். எங்காவது எரிந்தால் மூடியை மாட்டிவிட்டு இறங்கிவிடுங்கள். பக்கத்து அறை மீட்டரில் இருந்தோ, வேறு லைனில் இருந்தோ வயர் வருகிறது என்று அர்த்தம். பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் இது நடக்கும். அதற்கு மேல் எலக்ட்ரீஷியன்தான்.

மாற்றும் முறை

வயரைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். பழைய வீடுகளில் நிறத்தை நம்ப முடியாது.

ஒரு முனையில் இரண்டு வயர் சேர்ந்து இருந்தால், புதிய சுவிட்சிலும் அவை சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று அடுத்த சுவிட்சுக்குப் போவது. அதை விட்டுவிட்டால் அந்த விளக்கு எரியாது.

நுனி கருகியிருந்தால் அதை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவுங்கள். செம்புக் கம்பியின் ஒரு இழைகூட வெளியே நீட்டக்கூடாது. ஸ்க்ரூவை இறுக்கிய பின் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையக்கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 6 ஆம்பியர் சுவிட்ச் போதும். 40 வாட் பேன் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. பிறகு ஏன் கருகியது? பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூவும் ஈரமும்தான் காரணம். புதிய சுவிட்சும் சில வாரங்களில் கருகினால், மூன்றாவது சுவிட்ச் வாங்காதீர்கள். வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

போர்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலும், வயரின் மேலுறை பொடியாக உதிர்ந்தாலும், சுவரைத் தொட்டாலே “சுருக்” என்றாலும் நீங்களே செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பேனைத் தொட்டால் ஷாக் அடித்தால், சுவிட்ச் பேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கக்கூடும். அதையும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் ஊரை விட்டு வந்து உழைக்கும் ஒருவரை நம்பி இங்கே ஒரு குடும்பமும், ஊரில் ஒரு குடும்பமும் இருக்கின்றன. மெயினை நிறுத்திச் சோதிக்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம். அதை மட்டும் மிச்சப்படுத்த வேண்டாம்.