பிடுங்கி எறிய வேண்டாம். அது பன்னீர் ரோஜா

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பூச்செடி வண்டி வந்து நின்றால் வெறுங்கையோடு உள்ளே திரும்பும் வீடு குறைவு. மஞ்சள், ஆரஞ்சு, இரு வண்ணம் என்று பூவும் மொட்டுமாக நிற்கும் ஒட்டு ரோஜாக் கன்றைப் பார்த்துவிட்டு வாங்காமலிருக்க மனம் வராது. தை, மாசியில் அது இரண்டொரு பூக் கொடுக்கும். கத்திரி வெயிலில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். செடி போயிற்று என்று விட்டுவிட்ட பிறகு, ஆடியில் நாலு மழை பெய்ததும் அடியிலிருந்து புதிதாக ஒரு போத்து கிளம்பும். புரட்டாசிக்குள் அதில் பூவும் வரும். ஆனால் வாங்கிய மஞ்சள் நிறம் இராது. இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாக, இதழ் நெருங்கிய சிறு பூவாக இருக்கும். செடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி அதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

செடிக்காரர் ஏமாற்றவில்லை. வண்ண ரோஜாக்கள் பெரும்பாலும் தம் சொந்த வேரில் நம் வெயிலையும் மண்ணையும் தாங்குவதில்லை. அதனால் நாற்றங்கால்காரர்கள் உரமான வேறொரு ரோஜாவை அடிச்செடியாக வைத்து, அதன் தண்டில் வண்ண ரோஜாவின் ஒரு கண்ணை மட்டும் எடுத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். தென்னாட்டுச் சமவெளிகளில் இப்படி அடிச்செடியாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது எட்வர்ட் ரோஜா. பல ஊர்களில் பன்னீர் ரோஜா என்று மாலைக்கு விற்கிறார்களே, அதுவே இது. மேலே ஒட்டிய கண் செத்துவிட, கீழே இருந்த அடிச்செடி பிழைத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கியது போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சி நிற்பது மணமுள்ள இளஞ்சிவப்புப் பூவானால், சிறு விவசாயியின் கொல்லைக்கு அதைவிட ஏற்ற ரோஜா வேறில்லை. அதைக் குச்சி வெட்டி நட்டுப் பெருக்கலாம். சொந்த வேரில் நிற்பதால் எத்தனை முறை அடிவரை வெட்டினாலும் அதே பூவையே பூக்கும்.

எட்வர்ட் என்ற பெயரைக் கேட்டதும் இங்கிலாந்து அரசர் நினைவு வரும். அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்துமகா சமுத்திரத்தில் இன்று ரீயூனியன் எனப்படும் பிரெஞ்சுத் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக ரோஜாவை நடுவது வழக்கம். சீன ரோஜா ஒன்றும் டமாஸ்க் ரோஜா ஒன்றும் அடுத்தடுத்து நின்ற வேலியில் தானாகக் கலந்து பிறந்த செடி இது. எதுவார் பெரிஷோன் என்ற நிலச்சொந்தக்காரரின் பெயரால் அதை எதுவார் ரோஜா என்றார்கள். நம் நாவில் அது எட்வர்ட் ஆயிற்று. 1817இல் அத்தீவுக்கு வந்த தாவரவியலார் பிரேயோன் இதைக் கவனித்து, அடுத்த சில ஆண்டுகளில் பாரிசுக்கு விதை அனுப்பினார். பூர்போன் ரோஜா என்ற பெரிய குடும்பமே அதிலிருந்து வந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தீவும் இதுதான். வேலியில் பிறந்த செடியாதலால் தனிக் கவனிப்பை அது எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தண்ணீர் தேங்கினால் மட்டும் பொறுக்காது.

இடமும் மண்ணும்

நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். கிணற்றடி, வாழையடி, சுவரின் வட பக்கம் ஆகியவை உதவா. நெல் வயலை ஒட்டிய வீடுகளில் கொல்லை மண்ணும் களியாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை பிடித்தால் அந்த மண்ணில் வேர் அழுகிவிடும். அங்கே ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து நடுவது நலம். செம்மண் பாங்கான இடமானால் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, சில நாள் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பலாம்.

வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு சென்ட் நிலத்தில் 20 செடிகள் நிற்கும். நடும்போது இடைவெளி அதிகமாகத் தோன்றும். இரண்டாம் ஆண்டில் புதர் விரிந்ததும் பூப்பறிக்க உள்ளே நுழைய அதுவே போதாமல் போகும். வேலி ஓரமாக ஒற்றை வரிசையில் வைத்தால் ஆடு மாடும் அண்டாது, நிலமும் வீணாகாது.

தறி ஓடும் ஊர்ப் பக்கம் என்பதால் இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டு நூலைப் பசை நீக்கிய சோப்பு, சோடா நீரையும் சாயம் காய்ச்சிய நீரையும் கொல்லைச் செடிகளுக்குத் திருப்பிவிடக் கூடாது. சோடா உப்பு மண்ணை இறுக்கிவிடும். ரோஜாவில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இளம் இலை மஞ்சளானால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அறியலாம். அன்னபேதி 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் பாயும் நீரை மாற்றாதவரை மறுபடி மறுபடி மஞ்சளாகிக்கொண்டேதான் இருக்கும்.

குச்சி நடுதல்

பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையைத் தேர்ந்து, முக்கால் அடி நீளத்தில், மூன்று நான்கு கண்கள் இருக்கும்படி நறுக்க வேண்டும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் வெட்டு நேராகவும் இருந்தால் தலைகீழாக நட்டுவிடும் தவறு நேராது. நாற்றங்காலில் வேர் ஊக்கி மருந்தில் தோய்த்து நடுவார்கள். பத்திருபது குச்சிக்கு அது இல்லாமலும் முடியும். சில குச்சிகள் போகும் என்று எண்ணிக் கூடுதலாக நட்டால் போகிறது. மணலும் செம்மண்ணும் எருவும் கலந்த பையில் பாதிக் குச்சி உள்ளே இருக்க ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்தில் துளிர் கண்டதும் வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. குச்சியில் இருந்த சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். வேர் நன்றாக இறங்க இரண்டு மாதமாவது ஆகும். கவாத்தின்போது கழிக்கும் கிளைகளையே குச்சியாக்கினால் தை மாதத்தில் நடவுக்குக் கன்று தயாராகிவிடும். தையில் நட்டால் கோடையில் தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் பையிலேயே வைத்திருந்து ஆடியில் நடலாம்.

நட்ட புதிதில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், செடி பிடித்த பின் வாரம் ஒரு முறையும் தண்ணீர் போதும். அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் பரப்பக் கூடாது, கரையான் ஏறும்.

கவாத்தும் பூ வரும் நாளும்

பன்னீர் ரோஜா புதிய தளிர் நுனியில்தான் பூக்கும். வெட்டினால்தான் தளிர் வரும். இது தெரிந்தும், பச்சைக் கிளையை வெட்ட மனமில்லாமல் விட்டுவிடுவதால் செடி ஆளுயரம் வளர்ந்து நுனியில் நாலு பூவோடு நின்றுவிடுகிறது.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய வேண்டும். போன பருவத்துக் கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி, காய்ந்தது, மெலிந்தது, குறுக்கே பின்னியது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டினால் புதர் உள்ளே நெருங்காமல் விரியும்.

காஞ்சி வட்டாரத்தில் சிக்கலே இங்குதான். அந்த மாதங்கள்தான் வடகிழக்கு மழைக் காலம். நனைந்த வெட்டு வாயில் நோய் புகுந்து கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போகும். நாட்காட்டியைப் பார்த்து வெட்டுவதைவிட வானத்தைப் பார்த்து வெட்டுவதே சரி. இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்த இடைவெளியில்தான் கத்தரியை எடுக்க வேண்டும். வெட்டிய அன்றே வாயில் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 10 கிராமை 50 மில்லி நீரிலும், சுண்ணாம்பு 10 கிராமை 50 மில்லி நீரிலும் தனித்தனியே மண் சட்டியிலோ பிளாஸ்டிக் கிண்ணத்திலோ கரைத்து ஒன்றாகக் கலந்தால் பசை தயார். இரும்புப் பாத்திரம் ஆகாது. பழைய குறிப்புகளில் இதோடு கார்பரில் தூளும் சேர்க்கச் சொல்லியிருப்பதைக் காணலாம். கார்பரில் 2018 ஆகஸ்டில் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட மருந்து. வீட்டில் பழைய பொட்டலம் கிடந்தாலும் தொட வேண்டாம்.

வெட்டிய சுமார் 45 நாளில் பூ வரத் தொடங்கும். இதை வைத்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும். தை முகூர்த்தத்துக்குப் பூ வேண்டுமானால் கார்த்திகை நடுவில் வெட்ட வேண்டும். மழை விடுமா என்பது சந்தேகம். ஆகவே இருபது செடி இருந்தால் பத்தை ஐப்பசித் தொடக்கத்திலும், மீதிப் பத்தைக் கார்த்திகையில் கிடைக்கும் வெயில் நாளிலும் வெட்டுவது நல்லது. ஒரே நாளில் அத்தனையும் பூத்து, விலை இல்லாத நாளில் மாட்டிக்கொள்வதும் தப்பும். பங்குனி உத்திரத்துக்குத் தை மாதக் கடைசியில் பூத்து முடிந்த காம்புகளை மட்டும் இரண்டு மூன்று இலையோடு சேர்த்து நறுக்கினால் போதும். வெயில் ஏறிய பின் ஆழமாக வெட்டினால் தண்டு காய்ந்துவிடும்.

கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம், யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் இட வேண்டும். ஜூலையில் இதே அளவு இன்னொரு முறை. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டுக் கொத்திவிட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

பூச்சியும் நோயும்

அதிகம் கெடுப்பது செதில் பூச்சி. தண்டில் செம்பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருப்பதை மரத்தின் பட்டை என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். நகத்தால் கீறினால் உதிரும். மோசமான கிளையை வெட்டி எரித்துவிட்டு, மற்றதை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியால் தண்டில் மட்டும் துடைத்தெடுக்கலாம். மொட்டைச் சுருட்டும் இலைப்பேனுக்கு லிட்டருக்கு 30 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இரவில் இலையைத் தின்னும் வண்டை விளக்கு வைத்துக் கையால் பிடித்து அழிப்பதே சிக்கனம்.

மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரும். உதிர்ந்ததைக் கூட்டி எரித்து, மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதி குறையும். மீறினால் கார்பன்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். பனிக்காலத்துச் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். வெயில் கடுத்த நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். குல்கந்து செய்யவோ குழந்தைகள் இதழைத் தின்னவோ பயன்படும் செடியில் வேப்ப எண்ணெய்க்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

வண்ண ரோஜாவே வேண்டும் என்பவர்கள் ஒட்டுப் போட்ட முடிச்சைக் கவனித்து அது மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். முடிச்சுக்குக் கீழே கிளம்பும் போத்தை உடனே அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். கத்தரியால் நறுக்கினால் இரண்டாகக் கிளைக்கும். ஐந்து இலையானால் நல்லது, ஏழு இலையானால் காட்டுச்செடி என்ற பேச்சை நம்ப வேண்டாம். எங்கிருந்து கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நட்ட முதல் ஆண்டிலேயே பூ வரும் என்றாலும் கணக்குக்கு வருவது இரண்டாம் ஆண்டிலிருந்துதான். ஒழுங்காகக் கவாத்து செய்தால் பத்தாண்டு வரை பயன் எடுக்கலாம். மலர்ந்த பூவை வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாபோல இது நீண்ட காம்போடு நாள்கணக்கில் நிற்காது. ஒரு பகல் போனால் இதழ் உதிரத் தொடங்கும். காம்பு குட்டையாக வைத்து, ஈரத் துணி விரித்த கூடையில் அழுத்தாமல் அடுக்கி, காலைச் சந்தை கலையுமுன் காஞ்சிபுரம் பூக்கடைக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும்.